கடலின் நிறமும் காற்றின் கணக்கும்

பட்டினச்சேரியில் தேசிய அறிவியல் நாளை ஒட்டி ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்

மாசி மகத்தன்று காரைக்கால் கரையின் மீனவ ஊரான பட்டினச்சேரி மணலில் கால் வைக்க இடம் இருக்காது. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்கு எழுந்தருள்வார். மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் ஊரே அவரை மாப்பிள்ளை என்று முறை சொல்லி வரவேற்கும். ஏறக்குறைய அதே பருவத்தில் வருகிறது பிப்ரவரி 28. அன்று நாடெங்கும் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறார்கள். 1928இல் அந்தத் தேதியில்தான் சி.வி. ராமன் தம் பெயரில் வழங்கும் ஒளி விளைவைக் கண்டறிந்தார். பிள்ளைகள் அட்டையில் எரிமலை செய்து வைப்பார்கள். ராமன் படத்துக்கு மாலை போடுவார்கள். நோபல் பரிசு பெற்ற ஆண்டு எது என்று ஒரு கேள்வி கேட்டு, 1930 என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பேனா கொடுப்பார்கள்.

அந்த நாளுக்கும் கடலுக்கும் உள்ள உறவை மட்டும் யாரும் சொல்வதில்லை. கடலோர ஊர்ப் பள்ளிகளில்கூடச் சொல்வதில்லை. ராமனின் கண்டுபிடிப்புக்குக் காரணமான கேள்வி கடல்மேல் பிறந்தது. அவரிடம் ஆய்வு கற்ற மூன்று பேர் பிறகு வானிலைத் துறைக்குப் போய், இந்தியாவுக்குத் தன் காற்றையும் மழையையும் கடலையும் தானே அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தக் கரையிலிருந்து ஃபைபர் படகு தள்ளுபவரின் கைபேசிக்கு வருகிற காற்றுச் செய்தியும் மீன் செய்தியும் அவர்கள் வழி வந்தவைதான். பாடப்புத்தகம் விஞ்ஞானிகளைப் பரிசுப் பட்டியலாகத் தருகிறது. அவர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கை வாங்கிக்கொண்ட வேலை அந்தப் பட்டியலில் தெரிவதே இல்லை.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்துவிட்டு 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். பகலில் அரசாங்கக் கணக்கு. விடிகாலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். இப்படி ஆண்டுகள் ஓடின. 1917இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போனதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பி வரும்போது ‘நார்க்குண்டா’ என்ற கப்பலில் வந்தார். மத்தியதரைக் கடலின் அடர்ந்த நீலம் அவரைத் தூங்கவிடவில்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு அன்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பதில் இருந்தது. ஆங்கில இயற்பியலின் பெரும் பெயரான ராலே பிரபு சொன்ன பதில் அது: ஆழ்கடலின் நீலம் தண்ணீருக்குச் சொந்தமில்லை, வானத்தின் நீலம்தான் நீர்ப்பரப்பில் பட்டுத் தெரிகிறது. ராமனுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. அவருடைய சட்டைப்பைக்குள் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. நீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்துப் பார்த்தால் அடியோடு அணைத்துவிடும் படிகத் துண்டு அது. கப்பல் தளத்தில் நின்றபடி அதைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார். ராலே சொன்னது சரியென்றால், வானத்தின் பிரதிபலிப்பு போனதும் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, முன்னைவிட ஆழமான நீலமாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த நிறம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது.

கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற செப்டம்பர் 26 அன்று தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைகூடப் பொறுக்கவில்லை. அப்போது அவருக்கு 32 வயது.

இந்தச் சோதனையைப் பட்டினச்சேரிக் கரையில் எவரும் செய்து பார்க்கலாம். நிக்கோல் பட்டகம் தேவையில்லை. கடைகளில் கிடைக்கும் போலராய்டு கூலிங் கிளாஸ் போதும். வெயில் நன்றாக ஏறியபின், படகின் ஓரத்தில் உட்கார்ந்து, நேர் கீழேயும் பார்க்காமல் அடிவானத்தையும் பார்க்காமல் இரண்டுக்கும் நடுவில் சாய்வாக நீரைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மேல்பரப்பின் பளபளப்பு சட்டென்று அவிந்து, நீரின் உள்நிறம் தெரியும். கலங்கல் தண்ணீராக இருந்தால் கலங்கல் தெரியும். பாசி பூத்திருந்தால் பச்சை தெரியும். மேலே மினுங்குவதைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதைப் படிப்பது இந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பழகிய வித்தை. தண்ணீர் நிறத்தையும் பறவைக் கூட்டத்தையும் பார்த்து மீன் இருக்கும் திசை சொல்லும் கண்கள் எல்லாக் கரையூரிலும் உண்டு. ராமன் அதே பார்வையைக் கருவிக்குள் கொண்டுவந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் வருகிறது என்று ராமன் அழுத்திச் சொன்னார். தூய நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதும் அதற்கு ஒரு பெரிய காரணம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. நிறம் நீருக்குள்ளிருந்து வருகிறது என்ற அவருடைய அடிப்படை முடிவுக்கு இதனால் குறைவில்லை.

கல்கத்தா திரும்பியதும் நீர், பனிக்கட்டி, படிகம் என்று கிடைத்ததிலெல்லாம் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் வேலை ஆரம்பமானது. அந்தக் கூடத்தில் பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன் இருந்தார். 1923இல் அவர் வடிகட்டிய சூரிய ஒளியைத் தூய நீரில் செலுத்தியபோது, போன நிறத்தோடு வேறொரு நிறமும் மிக மங்கலாக வெளியே வந்தது. நீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அந்த மங்கல் ஒளி போகவே இல்லை. அது அழுக்கின் வேலையில்லை, நீர் மூலக்கூறே ஒளியின் நிறத்தை மாற்றி அனுப்புகிறது என்று புரிய 5 ஆண்டுகள் பிடித்தன. விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இரவு பகலாகக் கூட இருந்து செய்த சோதனைகளின் முடிவில் 1928 பிப்ரவரி 28 வந்தது. பரிசு ஒருவருக்குப் போயிற்று. வேலை மூவருடையதும் அதற்கு மேற்பட்டோருடையதும்.

அந்த நாள் வந்தபோது ராமநாதன் கல்கத்தாவில் இல்லை. 1925இல் அவர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்துவிட்டார். பலூன்களில் மேலே போன கருவிகளின் பதிவுகளை வைத்து 1929இல் அவர் வெளியிட்ட முடிவு உலக வானிலையியலாரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பூமியைச் சூழ்ந்த காற்றின் கீழ் அடுக்குகளில் மிகக் குளிர்ந்த பகுதி துருவங்களின் மேல் இல்லை. வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் வளையம்போல இருக்கிறது. இடிமேகம் எவ்வளவு உயரம் எழும், எங்கே தலை தட்டிப் படரும் என்பதெல்லாம் இதோடு சேர்ந்த சங்கதிகள். 1948இல் விக்ரம் சாராபாயின் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். இந்திய விண்வெளி ஆய்வு அந்தத் தொட்டிலில்தான் வளர்ந்தது.

இனி வருபவர் பெயர் அன்னா மணி. இந்த உரையின் பெரும்பகுதி அவருக்கு உரியது.

1918 ஆகஸ்ட் 23 அன்று திருவிதாங்கூர் மலைநாட்டுப் பீர்மேட்டில், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். அப்பா கட்டுமானப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டங்களும் உண்டு. அந்த வீட்டு வழக்கப்படி பெண்ணின் எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு. தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது குழந்தை. வைக்கம் போராட்டத்தின்போது காந்தி வந்தது மனத்தில் பதிந்தது; பிற்காலத்தில் கதர்தான் உடுத்தினார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1939இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு, ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

தோடாக வேண்டாம் என்று சொன்ன வைரம் அங்கே ஆய்வுப் பொருளாக அவர் கைக்கு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் வெளிவிடும் ஒளியை ஒளிப்படத் தகட்டில் பதிக்க வேண்டும். ஒளி அவ்வளவு மங்கல் என்பதால் ஒரு பதிவுக்கே 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். ஆய்வுக்கூடத்திலேயே படுத்துத் தூங்கி எழுந்து வேலை பார்த்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராகவே 5 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆய்வு நிலைய நூலகத்தில் மற்ற முனைவர் ஆய்வேடுகளோடு சேர்ந்தே இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் 1933இல் கமலா சோஹோனி என்ற மாணவியைப் பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தவர் ராமன். கமலா போராடிச் சேர்ந்து, பின்பு கேம்பிரிட்ஜில் முனைவரானார். கடலின் நிறத்தைத் தெளிவாகக் கண்ட கண்ணுக்கு இது தெரியாமல் போனது வருத்தம்தான். ராமனைக் கொண்டாடும் மேடையிலேயே இதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

அன்னா மணி 1945இல் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. வானிலைக் கருவிகள் பயிற்சிக்குத்தான் இடம் இருந்தது; கிடைத்ததை எடுத்துக்கொண்டார். 1948இல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அன்று மழைமானி போன்ற எளிய பொருளைக்கூட இந்தியா வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்துக்கொண்டிருந்தது.

மழைமானியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு குடம் வைத்தால் மழை நிரம்பாதா? நிரம்பும், ஆனால் அந்த அளவை வேறோர் ஊர் அளவோடு சேர்த்துப் பார்க்க முடியாது. வாய் விளிம்பு கூர்மையாக இல்லாவிட்டால் துளி வெளியே தெறிக்கும். தரையை ஒட்டி வைத்தால் மண்ணில் விழுந்த துளி எம்பி உள்ளே விழும். மிக உயரத்தில் வைத்தால் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் வேப்பமரமோ மாடிச் சுவரோ இருந்தால் அளவு குறையும். அதனால் விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரம், பக்கத்தில் மறைப்பு கூடாது, தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும் என்று விதி. ‘இன்று காலை 8.30 மணி நிலவரப்படி காரைக்காலில் இத்தனை மில்லிமீட்டர்’ என்று வானொலியில் கேட்கிற அந்த 8.30 இதுதான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். ஊருக்கு ஊர் மானி வேறாக இருந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

அன்னா மணி செய்தது இதுதான். ஏறக்குறைய 100 வகை வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்களைத் தயாரித்து, அவற்றை இந்தியப் பட்டறைகளிலேயே செய்ய வைத்தார். கருவிப் பிரிவில் அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தவறான அளவு அளவே இல்லாததைவிடக் கெடுதி என்பது அவர் விடாப்பிடியாகக் கொண்ட கொள்கை. செய்த கருவியைச் சரிபார்ப்பது, ஊர் ஊராய்ப் போய் அது நிற்கும் இடத்தைப் பார்ப்பது, அளப்பவருக்குப் பழக்குவது எல்லாம் அந்தக் கொள்கையின் வேலைகள். பெரும் கண்டுபிடிப்பு என்று பத்திரிகையில் வராத வேலைகள் இவை. கரையில் நிற்பவருக்கு இவைதான் உயிர்.

1957-58இல் உலக நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில், இந்தியா முழுவதும் சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை நிறுவினார். 1960களில் பலூனில் மேலே போய் ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். சாராபாய் கேட்டுக்கொண்டதால் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். தும்பா என்றதும் இந்த ஊர்க்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அது திருவனந்தபுரத்தை ஒட்டிய மீனவ ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அதற்கு மிக அருகில் போவதால் விஞ்ஞானிகள் அந்த மணலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் மக்கள் நிலத்தையும் தங்கள் மரிய மக்தலேனா தேவாலயத்தையும் நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்துதான் எழுந்தது. ராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் அங்கே இளம் பொறியாளர். இந்திய விண்வெளிக் கதையின் முதல் பக்கத்திலேயே மீனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாமா?

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபிறகும் அன்னா மணி அளப்பதை விடவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில், எங்கே எவ்வளவு காற்று என்று பெரிய தரவுத் தொகுதிகளாக வெளியிட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலைகளுக்கு முன்னால் இப்படி ஒரு காற்றுக் கணக்கு தேவைப்பட்டது. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் உழைப்பின் அருமை புயல் காலத்தில் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அப்படியே கடலோடு போயிற்று. புயல் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அந்த ரயில் ஓட்டியவருக்குச் சொல்ல வழியில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையேறியது. 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தபோது, பல நாள் முன்பே படகுகள் கரை திரும்பியிருந்தன. தாழ்ந்த இடத்து மக்கள் முகாம்களில் இருந்தார்கள். தென்னை போயிற்று, கூரை போயிற்று, உயிர்களும் போயின. ஆனாலும் 1964 போன்ற சாவு இல்லை. இன்று காரைக்காலிலேயே டாப்ளர் ரேடார் இருக்கிறது. வேகமாக வரும் பேருந்தின் ஹாரன் நெருங்கும்போது கீச்சென்றும் தாண்டியபின் தணிந்தும் கேட்கும் அல்லவா, அந்த மாற்றத்தை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் வானொலி அலையில் அளந்து, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று அது சொல்லிவிடும். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

ராமனிடம் கற்ற அந்த மூவரில் மூன்றாமவர் பி.ஆர். பிஷாரடி. 1909இல் கேரளத்துக் கொல்லங்கோட்டில் பிறந்தவர். கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே ராமனிடம் ஆய்வு கற்று, 1942இல் வானிலைத் துறைக்கு வந்தார். புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1962இல் தொடங்கியபோது அவர்தான் முதல் இயக்குநர். ஆனால் அவர் பேர் நிலைத்தது ஒரு தென்னந்தோப்பில். கேரளத்தில் தென்னையை வேர்வாடல் நோய் தின்றுகொண்டிருந்தது. மட்டை மஞ்சளாகி வாடிய பிறகுதான் விவசாயிக்குத் தெரியும்; தெரியும்போது காலம் கடந்திருக்கும். பிஷாரடியும் குழுவினரும் ஹெலிகாப்டரில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதியும் வண்ணப் படச்சுருளில் தோப்புகளை மேலிருந்து படம் எடுத்தார்கள். நல்ல இலை அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்பும். நோய் கண்ட இலை அவ்வளவு அனுப்பாது. கீழே நின்று பார்த்தால் பச்சையாகத் தெரிந்த மரங்களிலும் நோய் இருப்பதைப் படம் காட்டிக்கொடுத்தது. இந்தியாவில் தொலையுணர்வு என்ற துறை அந்தத் தோப்பில்தான் வேர்விட்டது. 1988 மார்ச்சில் தொலையுணர்வுக்கான ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் மேலே போனது. 1999 மே 26 அன்று கடலுக்கென்றே ஓஷன்சாட் 1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது.

ஓஷன்சாட்டில் முக்கியமான கருவி கடலின் நிறத்தை அளக்கும் கருவி. நார்க்குண்டா கப்பலில் கேட்ட கேள்வி 78 ஆண்டுகள் கழித்து விண்ணுக்குப் போய்விட்டது. மேல்பரப்பின் பிரதிபலிப்பையும் இடையில் உள்ள காற்றின் ஒளியையும் கழித்துவிட்டு, நீருக்குள்ளிருந்து வரும் ஒளியை மட்டும் இந்த வகைக் கருவி எடுத்துக்கொள்கிறது. நீரில் நுண்பாசி இருந்தால் அதன் பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். நிறம் பச்சைப் பக்கம் சாயும். சாய்வை அளந்தால் பாசி எவ்வளவு என்று தெரியும். தெளிந்த நீர்ப்பகுதிகளில் கணக்குச் சரியாக வர, தண்ணீரின் ராமன் சிதறலையும் சேர்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. ராமநாதன் 1923இல் அழுக்கு என்று சந்தேகப்பட்ட அந்த மங்கல் ஒளியேதான் இது.

பாசி இருக்கும் இடத்துக்குச் சின்ன உயிர்கள் வரும். அவற்றைத் தேடி மத்தி, கவலை மீன்கள் வரும். அவற்றைத் தேடிச் சூரையும் வஞ்சிரமும் வரும். பாசியின் அளவோடு நீரின் வெப்பத்தையும் சேர்த்து, குளிர்நீரும் வெந்நீரும் முட்டிக்கொள்ளும் எல்லைகளைக் கண்டு, ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கிய இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் மையம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைச் சொல்கிறது. எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று செய்தி வரும். டீசல் விற்கிற விலைக்கு, தேடி அலைவதில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் படகுக்காரருக்குப் பெரிய மிச்சம். குறையும் உண்டு. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அது பார்ப்பது மேல்நீரை மட்டும். சொல்லும் இடம் சிறிய ஃபைபர் படகுக்கு எட்டாத தொலைவிலும் இருக்கலாம். காற்று வாடையா கொண்டலா, கச்சானா சோழகமா, நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தவர் கையில் கிடைத்தால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு.

அறிவியல் கரைக்கு வந்து சேர்வதற்கு ஒரு குரலும் வேண்டும். அதைக் காட்டியவர் டெல்டாக்காரர். 1925 ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சியின் பேரில் எல்லாருக்கும் தெரியும். 1988இல் சென்னையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வேறெங்கோ கணக்கிட்ட எண் கரையூரில் ‘இன்றைக்குக் கடல் இப்படி இருக்கும்’ என்ற பேச்சாக மாறியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28க்குச் சுமத்ராவுக்கு அருகில் கடலடி நிலம் பிளந்தது. சுனாமி அலை இந்தக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் எவரும் எதுவும் சொல்லவில்லை. பட்டினச்சேரி மணலில் இதைப் பற்றி வெளியார் வந்து விவரிக்கத் தேவையில்லை. காரைக்கால் கரை முழுவதும் நூற்றுக்கணக்கானோரை இழந்தது. அதே காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊர் பிழைத்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். ஊரில் கடல் நிலவரம் வாசிக்க வைத்திருந்த ஒலிபெருக்கி இருந்தது. அதில் கூவி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரையைவிட்டு ஓட வைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்ததில்லை, தினசரிப் பழக்கத்துக்கு வைத்தது. தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான் மக்கள் நம்பி ஓடினார்கள்.

2007 அக்டோபர் 15 முதல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கமானிகளோடு, ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகள் தலைக்குமேல் நீர்மட்டம் சிறிதளவு உயர்ந்தாலும் சொல்லிவிடும். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் குலுங்கியபோது உடனே எச்சரிக்கை வந்தது. நிலம் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை என்று கடல் மானிகள் உறுதி செய்த பிறகு எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஓடிவந்தது வீண் என்று அன்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்படி வீணாக எத்தனை முறை ஓடினாலும் தகும்.

சுவாமிநாதன் 1989 முதலே கடல் மட்டம் உயரப்போவதைப் பேசி, அலையாத்திக் காடுகளைக் காக்கச் சொன்னவர். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அவருடைய நிறுவனம் ஊர்மக்களோடு சேர்ந்து அலையாத்தி நட்டது. அந்த நிறுவனத்தில் அஜய் பரிதா தலைமையில் அலையாத்தியின் உப்புத் தாங்கும் மரபணுவை நெல்லுக்குக் கொண்டுவரும் ஆய்வும் நடந்தது. உப்பு ஏறும் வயல்களைக் கொண்ட இந்தக் கடைமடைக்கு அது வேற்றூர் ஆய்வு ஆகாது.

இங்கே உள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நாளையே தொடங்கக்கூடிய ஓர் அளவை இருக்கிறது. 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி செய்தது. கடலியலார் இன்றும் செயற்கைக்கோளின் நிறக் கணக்கைச் சரிபார்க்க அதை வைத்திருக்கிறார்கள். 30 செ.மீ. குறுக்களவில் வெள்ளைத் தட்டு ஒன்று, நடுவில் துளை, அடியில் ஈயக்குண்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அப்பாவோ சித்தப்பாவோ போகும் படகில், காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்க வேண்டும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை ஒரு முறையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தை ஒரு முறையும் பார்த்து, இரண்டின் நடு அளவை நோட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், கரையிலிருந்து தூரம், அன்றைய காற்று, அன்றைய மீன்பாடு. திருமலைராஜன் ஆற்று முகத்துவாரத்துக்கு நேரே ஓரிடம், அதற்கு வெளியே ஓரிடம். தட்டு மாறக்கூடாது, கயிறு மாறக்கூடாது, இடம் மாறக்கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆற்றுத் தண்ணீர் கடலில் இறங்கும் ஐப்பசியில் எண்கள் எப்படி மாறுகின்றன என்று முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும்.